செத்த செய்மதியை யார் கீழே இறக்குவது? தரம் 11 மாணவன் கேட்ட கேள்வி

கொத்மலைக்காற்று:
வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வாரம் மழை விட்டிருந்த ஓர் இரவில், கோயில் திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் மைதானத்தில் நின்றபோது, வானத்தில் முத்துக் கோத்தாற்போல ஒரு வரிசை வெளிச்சம் நகர்ந்து போயிருக்கிறது. இணைய வசதி தரும் ஸ்டார்லிங்க் செய்மதிகள். மறுநாள் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. எப்படி ஏவுகிறார்கள், எவ்வளவு செலவு என்று எல்லாரும் கேட்டார்கள். கடைசி வாங்கில் இருப்பவன் ஒருவன் மட்டும், "பழுதாகிப் போனால் யார் சேர் இறக்குவார்?" என்றான்.

"தானாக விழுந்து எரிந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்துகிறது. எல்லாமே தானாக விழுமா? விழாதென்றால், வலை போட்டோ கயிறு கட்டியோ இறக்க ஏன் இத்தனை தயக்கம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஊவாக்காரி:
பாதி சரியான பதில்தான் சேர். மீதியை உயரம் தீர்மானிக்கிறது.

நம்முடைய இலங்கைச் சிறு செய்மதி ராவணா-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலிருந்து விடுவித்தார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய எடை, உள்ளங்கையில் வைக்கலாம். உயரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கேயும் மிக மெல்லிய காற்று உண்டு. அந்தக் காற்றே உரசி உரசிக் கீழே இழுத்து எரித்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் பார்த்த ஸ்டார்லிங்க் ஏறி நின்று வேலை செய்வது 500 கிலோமீற்றர் வாக்கில். இயந்திரம் செத்தாலும் சில ஆண்டுகளில் விழும்.

800 கிலோமீற்றருக்குப் போனால் கதை வேறு. அங்கே செத்தது நூற்றாண்டுக் கணக்கில் சுற்றும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் என்விசாட் 2002-இல் ஏவப்பட்டது. எட்டுத் தொன், ஒரு பஸ் அளவு. 2012 ஏப்ரல் 8 அன்று திடீரென்று பேச்சை நிறுத்தியது. அன்றிலிருந்து 770 கிலோமீற்றர் உயரத்தில் யார் சொல்லும் கேளாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. தானாக விழ 150 ஆண்டுகள் ஆகலாம் என்பது ஒரு கணக்கு.

அங்கே ஒன்றோடொன்று மோதினால்தான் வினை. 2009 பெப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே ஏறக்குறைய 790 கிலோமீற்றரில், வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க இரிடியம் 33-உம் செத்துப்போன ரஷ்யக் கொஸ்மொஸ் 2251-உம் மோதின. வினாடிக்கு 11 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகம். இரண்டு செய்மதி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாயின, அதுவும் ராடாரில் பிடிபடுகிற அளவுத் துண்டுகளை மட்டும் எண்ணினால். ஒவ்வொரு துண்டும் அடுத்ததை உடைக்கும், அது இன்னொன்றை உடைக்கும் என்று டொனால்ட் கெஸ்லரும் அவருடன் பணியாற்றியவரும் 1978-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

இராவண_வழி:
ராவணா-1 என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. புட்பக விமானம் இறங்கிய திடல்கள் நம் மலைகளில்தான் இருக்கின்றன. இதைப் பற்றியும் யாராவது

நெறியாளர்:
அதற்குத் தனி இழை இருக்கிறது. நூற்று எழுபது பக்கம் ஓடிவிட்டது. அங்கே தொடரலாம்.

பழைய_ரோலர்:
நெறியாளர் தம்பி கோபிக்கக் கூடாது, ஒன்று மட்டும். புட்பக விமானம் இறங்கத் தெரிந்த விமானம். இப்போது மேலே விட்டிருப்பவற்றில் பலவற்றுக்கு அது தெரியாது.

தேயிலைத் தொழிற்சாலையில் 38 வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். படிப்பு எட்டாம் வகுப்பு. 1979-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று வானொலியில் சொன்னபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்று நாள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. என் அப்பா ஆட்டை அவிழ்த்து வீட்டுக்குள் கட்டினார். கூரையைத் துளைத்து வரும் இரும்பு ஆட்டுக் கொட்டிலை விட்டுவிட்டு வீட்டை மட்டும் தேடுமா என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் ஜூலை 11 அன்று இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தது.

சேர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் பிடிக்க முடியாது? சுற்றுவதால். கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்று தள்ளும் பெரிய விசிறி இருக்கிறதே, கரண்டை நிறுத்திய பிறகும் அது தன் பாட்டில் நெடுநேரம் சுற்றும். வேலைக்கு வந்து நாலு நாளான பையன் ஒருவன் அதைச் சாக்கை வைத்து நிறுத்தப் பார்த்தான். சாக்கு போனது. நடுவிரலின் நகக்கண்ணும் போனது. அந்த விசிறி ஓர் அச்சில் சுற்றுவது, அச்சு சுவரில் பூட்டியிருக்கிறது. மேலே எதுவும் எதிலும் பூட்டியில்லை. செத்த செய்மதி கரணம் போட்டபடி வருகிறது. கை கொடுத்துப் பிடித்தால் பிடித்தவனும் சேர்ந்து கரணம் போடுவான். இது என் ஊகம். படித்தவர்கள் பிழை திருத்தலாம்.

ஊவாக்காரி:
திருத்த ஒன்றுமில்லை ஐயா, அதுதான் முதல் தடை.

இதுவரை நடந்தவற்றைச் சொல்கிறேன். 2018 செப்டெம்பரில் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகம் தலைமை வகித்த ஒரு செய்மதி வலை வீசிப் பார்த்தது. பிடிபட்டது, ஆனால் அது தானே வெளியே விட்ட சிறு பெட்டி. 2019 பெப்ரவரியில் ஈட்டி எறிந்தது. குத்தியது, ஆனால் தானே நீட்டிப் பிடித்திருந்த பலகையில். வீட்டுக் கோழியைத் திறந்துவிட்டுத் துரத்திப் பிடித்த கணக்கு.

உண்மையான குப்பைக்குப் பக்கத்தில் போனது ஜப்பானின் அஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் 2024 பெப்ரவரியில் ஏவிய அட்ராஸ்-ஜே. 2009-இல் ஏவிய ஜப்பானிய ரொக்கெட் ஒன்றின் மேல்தட்டு, அதாவது கடைசிக் கட்டம், 11 மீற்றர் நீளம், மூன்று தொன், அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராது, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லாது. அப்படிப்பட்ட ஒன்றை மாதக்கணக்கில் தேடி நெருங்கி, சுற்றிவந்து படம் எடுத்து, அந்த ஆண்டின் முடிவில் 15 மீற்றர் வரை போனது. தொடவில்லை. பிடித்து இறக்குவது அடுத்த பயணத்தின் வேலை. படங்கள் அத்தனை தெளிவு. எரிபொருள் தீர்ந்த ரொக்கெட் கறுப்பு வானத்தில் தனியாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ மூடிக்கிடக்கும் தொழிற்சாலைப் புகைபோக்கி நினைவு வந்தது.

இன்னொரு தடை எரிபொருள். கீழே தள்ளுவதே பெரிய செலவில்லை. 800 கிலோமீற்றரில் இருப்பதை இறக்க வினாடிக்கு ஏறக்குறைய 200 மீற்றர் வேகத்தைக் குறைத்தால் போதும். ஆனால் ஒன்றை இறக்கிவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போவது? அது வேறு சாய்வில் ஓடும். ஒரே ஒரு பாகை சாய்வு மாற்றவே வினாடிக்கு 130 மீற்றர் வேகம் வேண்டும். பத்துப் பாகை என்றால் பத்து மடங்கு. நகரசபைக் குப்பை லொறி போலத் தெருத்தெருவாகப் போய் வாரிக்கொண்டு வர முடியாததற்கு இதுதான் காரணம்.

லயத்துக்குருவி:
எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். எங்கள் பத்துக்காம்பரா லயத்தின் பின்னால் உள்ள, கழிவுநீர் போகும் கான் அடைத்துப் பதினான்கு மாதம். அதை அள்ள ஆள் இல்லை. வானத்துக் கான் அடைத்ததைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் போட்ட குப்பை, அவர்களே அள்ளட்டும்.

கொத்மலைக்காற்று:
இதே கேள்வியை அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டாள் குருவி. எனக்குப் பதில் வரவில்லை.

ஊவாக்காரி:
நான் ஹல்துமுல்லைப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என் வகுப்பில் இரண்டு இருக்கைகள் அதற்குப் பிறகு நிரம்பவில்லை. அதனால் இந்தக் கேள்விக்குப் புத்தகப் பதில் சொல்ல என்னால் முடியாது.

மலைச்சரிவு திடீரென்று வருவதாகத் தெரிந்தாலும், பல இடங்களில் நிலம் அதற்கு முன்பே மில்லிமீற்றர் கணக்கில் நகரத் தொடங்கியிருக்கும். அந்த நகர்வை மேலேயிருந்து அளக்கக்கூடியவை ராடார் செய்மதிகள். மூடுபனி, மேகம், இரவு எதுவும் அவற்றுக்குத் தடையில்லை. நம் ஊருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஐரோப்பாவின் சென்டினல்-1 அப்படிப்பட்டது, படங்களை எல்லா நாட்டுக்கும் இலவசமாகத் தருகிறது. அது ஓடுவது 693 கிலோமீற்றரில், நெரிசல் மிகுந்த அதே பட்டையில்.

2016 ஓகஸ்ட் 23 அன்று சென்டினல்-1ஏ-யின் மின்சாரம் திடீரென்று கொஞ்சம் குறைந்தது. செய்மதியில் இருந்த சிறு கெமராவை இயக்கிப் பார்த்தால் சூரியத் தகட்டில் 40 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சேதம். இடித்தது எவ்வளவு பெரிது தெரியுமா? சில மில்லிமீற்றர். குரக்கன் மணியைவிடச் சற்றுப் பெரிது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் அந்தக் கண் அன்றே மூடியிருக்கும்.

வானத்துக் கான் அடைத்தால் வெள்ளம் முதலில் யார் வீட்டுக்கு வரும் என்று நீங்களே பாருங்கள் குருவி அண்ணே.

லயத்துக்குருவி:
அண்ணே இல்லை, அக்கா. மீதியை ஏற்றுக்கொள்கிறேன். அந்த இருக்கைகளைப் பற்றி வாசித்தபிறகு எழுத மனம் வரவில்லை. நாளைக்கு வருகிறேன்.

கோத்தகிரிப்_பேரன்:
நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். தாத்தா மஸ்கெலியாவில் பிறந்து, சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டவர். உங்கள் ஊரில் செய்மதி, எங்கள் ஊரில் செயற்கைக்கோள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குப்பை போட்டவனே அள்ளிய ஒரு கதை எங்கள் பக்கம் உண்டு. இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2011-இல் ஏவிய மேகா-ட்ராபிக்ஸ். பருவமழையையும் வெப்பமண்டல மேகங்களையும் ஆராய்ந்த செயற்கைக்கோள், ஒரு டன் எடை, 867 கிலோமீட்டர் உயரம். அதை வடிவமைத்தபோது இறக்கும் எண்ணமே கிடையாது. ஆனால் ஆயுள் முடிந்தபோது டாங்கியில் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. விட்டிருந்தால் நூறு ஆண்டுக்கு மேல் சுற்றியிருக்கும். 2022 ஆகஸ்டிலிருந்து படிப்படியாகத் தாழ்த்திக் கொண்டுவந்து, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேல் எரியவிட்டார்கள். சமையல் முடிந்து அடுப்பை அணைத்து, சாம்பலையும் அள்ளிவிட்டுப் போனது போல.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச் 27 அன்று இதே இந்தியா தன் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் அடித்து உடைத்தது. ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான், துண்டுகள் சீக்கிரம் விழுந்துவிடும் என்றார்கள். பெரும்பாலானவை விழுந்தன. சீனா 2007-இல் உடைத்த ஃபெங்யுன் என்ற தன் வானிலைச் செயற்கைக்கோள் இருந்தது 860 கிலோமீட்டர் வாக்கில், அதன் மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளில் பெரும்பகுதி பல ஆண்டுகள் மேலேயே சுற்றின. ரஷ்யா 2021-இல் உடைத்தது. அமெரிக்காவும் முன்பு செய்ததுதான். ஒரு கையால் பெருக்கி மறு கையால் இறைக்கிறோம்.

பழைய_ரோலர்:
பேரனுக்கு வாழ்த்து. தாத்தா எந்தத் தோட்டம் என்று தனிமடலில் எழுதுங்கள், தெரிந்தவராக இருக்கலாம்.

இப்போது என் சந்தேகம். இந்தியா இறக்கியது இந்தியாவின் செய்மதி. ஜப்பான் தேடிப்போனது ஜப்பானின் ரொக்கெட். ஏன் எல்லாரும் தங்கள் பொருளையே தேடிப் போகிறார்கள்? ஆபத்தானது எதுவோ அதை முதலில் எடுப்பதுதானே முறை?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குக்குப் போகிற வளைவில் ஒரு கொழுந்து லொறி அச்சு முறிந்து நின்றது. தோட்டம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய நேரம். புதியவர்களிடம் கேட்டால் "எங்கள் பதிவில் இப்படி ஒரு லொறி இல்லை" என்றார்கள். பழையவர்களிடம் ஆள் அனுப்பினால் "தோட்டத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம்" என்று பதில். அது அங்கேயே நின்றது. முதலில் பற்றரி போனது, பிறகு டயர், பிறகு கதவு. சாரதி இருக்கைக்குள் குளவி கூடு கட்டியது. அந்த வழியாகக் கொழுந்துக்குப் போகும் பெண்கள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு ஓடுவார்கள். பிரசவ வலியில் இருந்த ஒரு பிள்ளையை வளைவுக்கு இந்தப் பக்கம் இறக்கி, கைத்தாங்கலாக நடத்தி, அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏற்றினோம்.

நான் ஆபிஸில் போய்க் கேட்டேன். நாலு ஆளும் ஒரு சங்கிலியும் கொடுங்கள், அரைநாளில் ஓரத்தில் தள்ளிவிடுகிறேன் என்றேன். "சொந்தக்காரர் கடிதம் இல்லாமல் கை வைத்தால் திருட்டுக் கேஸ் வரும், உங்கள் பென்ஷனும் போகும்" என்றார் ஐயா. மூன்று வருடம். நாலாவது வருட மழையில் கரை சரிந்து லொறி தானாகக் கீழே போனது, அறுபது எழுபது தேயிலைச் செடிகளை வேரோடு எடுத்துக்கொண்டு. மறுநாள் இரண்டு தரப்பாரும் வந்து படம் எடுத்தார்கள்.

ஊவாக்காரி:
ஐயா, விண்வெளிச் சட்டத்தை இதைவிடச் சரியாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின் எட்டாவது உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. மேலே போன பொருள் எந்த நாட்டின் பதிவில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கே அதன்மேல் அதிகாரம். செத்தாலும், உடைந்தாலும், அறுபது ஆண்டு கழிந்தாலும். கடலில் கைவிட்ட கப்பலை மீட்டவனுக்குப் பங்கு உண்டு, விண்வெளியில் அந்த வழக்கம் இல்லை. அனுமதியில்லாமல் தொட்டால் அடுத்தவர் சொத்தில் கை வைத்தது ஆகிவிடும். தொட்டபோது உடைந்து துண்டு சிதறினால் பொறுப்பும் தொட்டவன் தலையில் விழலாம்.

உங்கள் லொறிக்கு நேரான உதாரணம் செனித் ரொக்கெட்டின் இரண்டாம் தட்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்பது தொன். 840 கிலோமீற்றர் வாக்கில் இருபது அளவில் சுற்றுகின்றன. 2020-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து மிக ஆபத்தான ஐம்பது பொருட்களை வரிசைப்படுத்தியபோது தலையில் வந்தவை இவைதான். உருவாக்கியது உக்ரைனில். ஏவியது இன்றைய கசகஸ்தானிலிருந்து. ஏவிய நாடு சோவியத் ஒன்றியம், பிறகு ரஷ்யா. இன்றைய நிலையில் யார் யாரிடம் கடிதம் வாங்குவது?

இன்னொரு பயமும் உண்டு. செத்ததைப் பிடிக்கத் தெரிந்த கை உயிரோடு இருப்பதையும் பிடிக்கும். 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21 தன் சொந்தச் செத்த செய்மதியைக் கட்டியிழுத்துக்கொண்டு போய் ஒதுக்கிவிட்டது. அது நடந்தது தாழ்ந்த சுற்றுப்பாதையில் இல்லை, 36,000 கிலோமீற்றரில். வேலை சுத்தம். ஆனாலும் பலர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

லயத்துக்குருவி:
வந்துவிட்டேன். ரோலர் ஐயாவின் லொறியை வாசித்து இரவு முழுக்க யோசனை.

அனுமதிக் கதையெல்லாம் இருக்கட்டும். எங்கள் கடையில் சோடா வாங்கினால் போத்தலுக்குத் தனிக் காசு பிடிப்பார்கள். வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும். அதனால் எங்கள் தோட்டத்தில் வீதியோரம் ஒரு கண்ணாடிப் போத்தல் பார்க்க முடியாது, பிள்ளைகள் விடமாட்டார்கள். பிளாஸ்டிக் போத்தலுக்கு அப்படி இல்லை, கான் அடைத்தது அதனால்தான். செய்மதி ஏவுகிறவனிடம் முன்பணம் பிடித்து வைத்தால் என்ன? இறக்கினால் எடுத்துக்கொள்ளட்டும். இறக்காவிட்டால் அந்தக் காசில் வேறொருவன் இறக்கட்டும்.

கோத்தகிரிப்_பேரன்:
அக்கா, இதே யோசனையைப் பொருளாதார அறிஞர்களும் சொல்லி வருகிறார்கள், சுற்றுப்பாதையில் இருப்பதற்கு வாடகை என்ற பெயரில். நடைமுறையில் வந்திருப்பது வெறும் தவணை. முன்பு வேலை முடிந்த 25 ஆண்டுக்குள் இறக்கினால் போதும் என்பது வழிகாட்டல். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2022-இல் அதை 5 ஆண்டாகக் குறைத்தது. 2023-இல் முதன்முறையாக ஒரு நிறுவனத்துக்கு அபராதமும் போட்டது, டிஷ் நெட்வொர்க்குக்கு, செயற்கைக்கோளைச் சொன்ன உயரத்துக்கு ஒதுக்கவில்லை என்று. 1,50,000 டாலர். அந்த நிறுவனத்துக்கு அது வெற்றிலைக் காசு.

அபராதம் என்றதும் ஒன்று. ஸ்கைலாப் துண்டுகள் விழுந்த ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் நகரசபை, குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. விளையாட்டாகத்தான். முப்பது ஆண்டு கழித்து ஓர் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டினார்.

கொத்மலைக்காற்று:
திங்கட்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். லொறிக் கதைக்குத்தான் அதிகக் கவனம். கடைசி வாங்குக்காரன் இரண்டு கேள்விகளோடு வந்தான். எரிந்தால் புகை வராதா என்பது ஒன்று.

தேடிப் பார்த்தேன். வருகிறது. அடுக்கு மண்டலத்துத் துகள்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் செய்மதி, ரொக்கெட் எரிந்த அலுமினியமும் பிற உலோகங்களும் கலந்திருப்பதாக 2023-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால்தான் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் மரத்தில் ஒரு செய்மதி செய்து 2024 டிசம்பரில் விண்வெளியில் விட்டார்கள். பத்துச் சென்ரிமீற்றர் பெட்டி. மரம் எது தெரியுமா? மக்னோலியா இனம். நம் வேலியில் நிற்கும் சப்பு மரத்துக்கு, அதாவது செண்பகத்துக்கு, ஒன்றுவிட்ட சகோதரம். அதைச் சொன்னதும் வகுப்பே யன்னல் பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தது.

மற்றக் கேள்வி, செத்த செய்மதி கரணம் போடுவதை இங்கிருந்து பார்க்கலாமா என்பது.

ஊவாக்காரி:
பார்க்கலாம் சேர். பழைய ரொக்கெட் தட்டுகள் போதும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள், வானம் இருண்டும் மேலே வெயில் இருக்கும் வேளையில், கைபேசிச் செயலியில் நேரம் பார்த்து நில்லுங்கள். உருளை சுற்றும்போது அகலப் பக்கம் திரும்பினால் வெளிச்சம் கூடும், முனை திரும்பினால் மங்கும். மின்னி மின்னிப் போகும்.

பழைய_ரோலர்:
ஒரு மின்னலிலிருந்து அடுத்த மின்னல் வரை வினாடி எண்ணச் சொல்லுங்கள். எத்தனை சுற்று என்று கணக்குப் போடலாம். தொழிற்சாலையில் விசிறிக்கு நாங்கள் சுண்ணாம்புக் கோடு கீறி அப்படித்தான் எண்ணுவோம்.

கொத்மலைக்காற்று:
முதல் நாள் மூடுபனி, எதிரில் நின்ற கோல்கம்பம் தெரியவில்லை. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் ஆறே முக்காலுக்குப் பனி கீழே பள்ளத்தாக்கில் படுத்துக்கொண்டது. பதினொரு பிள்ளைகள், இரண்டு தாய்மார், காவல்காரர், நான்.

தெற்கிலிருந்து வந்தது. மெல்ல வெளிச்சம் கூடி, நட்சத்திரம் போல ஒரு கணம் நின்று, மங்கி, காணாமலே போய், மீண்டும் வந்தது. எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். எட்டு வினாடிக்கு ஒரு முறை என்று பெரும்பாலானவர்கள். கடைசி வாங்குக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று பெரிய மின்னல், அடுத்தது சின்ன மின்னல், மாறி மாறி வருகிறது, அதனால் முழுச் சுற்று பதினாறு வினாடி என்கிறான். ரோலர் ஐயாவிடம் கேட்டுச் சொல்லும்படி உத்தரவு.

பழைய_ரோலர்:
பையன் சொன்னதுதான் சரி. உருளைக்கு ஒரே சுற்றில் அகலப் பக்கம் இரண்டு தடவை திரும்பும். ஒரு பக்கத்தில் பெயின்ற் போயிருக்கும், அதுதான் சின்ன மின்னல்.